பியூஸ் எந்தப் பக்கம்

ஜெனோவாவிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் லேசில் வாயிலிருந்து வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அவளைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துவிடுவீர்கள். நானும் ரெண்டு வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தூத்துக்குடியில் பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. பாதி எனக்கு, பாதி அவளுக்கு. நான் காருக்கு சீட் கவர் தைக்கிறவன், பெயர் சேர்மத்துரை. அவள் காருக்குள் பாட்டைத் திருத்துகிறவள். வண்டி வாங்கும்போதே அதில் இருக்கிற ஸ்பீக்கர் போதவில்லை என்று வருகிறவர்களுக்கு நல்ல ஸ்பீக்கரும், அதற்கு வலு கொடுக்கிற ஆம்ப்ளிபயரும் மாட்டிக் கொடுப்பாள். முப்பத்தாறு வயசு. ஊரில் இந்த வேலைக்கு மாஸ்டர் என்றால் அவள்தான்.

அவளிடம் வேலை படிக்க வந்தவர் பால்வண்ணம். வயசு ஐம்பத்திமூன்று. ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். மாஸ்டரைவிட சிஷ்யருக்குப் பதினேழு வயசு கூடுதல். நூல் மில்லில் இருபத்துநாலு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். மில்லைப் பூட்டிவிட்டார்கள். மூன்று மாதம் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக் கிடந்துவிட்டு, ஒருநாள் காலையில் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"வண்டி வேலை படிக்கணும். இந்த வயசுல சொல்லித் தருவீங்களா?"

ஜெனோவா ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அதுதான் பதில்.

அன்றைக்கே ஒரு கட்டளையும் போட்டாள். "அண்ணாச்சி, நான் பாக்காம ஒரு வண்டியும் இங்க இருந்து வெளிய போகக்கூடாது. போச்சுன்னா நீங்களும் அதுகூடவே போயிருங்க."

"சரி மாஸ்டர்" என்றார் பால்வண்ணம்.

முதல் மாதத்தில் ஒருநாள் அவர் கேட்டார். "மாஸ்டர், வண்டியோட வயரை வெட்டி, நம்ம வயரை முறுக்கி, டேப்பைச் சுத்துனா பத்து நிமிஷ வேலை. வெட்டாமச் சொருகுறதுக்குப் பொருந்துற கப்ளரைத் தேடி ஏன் இப்படி அலையுதீய?"

அவள் கப்ளரைத் தேடிக்கொண்டே இருந்தாள். மறுநாள் வேறு எங்கேயோ வெட்டி முறுக்கிய ஒரு வண்டி வந்தது. இடதுபக்கம் பாடவில்லை, கூடவே உள்விளக்கும் எரியவில்லை. ஜெனோவா அவரை அதற்கு முன்னால் உட்கார வைத்தாள்.

"அண்ணாச்சி, வண்டி பொறந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கிக் குடுங்க."

காலையில் உட்கார்ந்த மனுஷன் சாயங்காலம்தான் எழுந்தார். எல்லா வயரும் ஒரே கறுப்பு டேப்புக்குள் சுருண்டு கிடந்தது, எது எங்கே போகிறது என்று படைத்தவனுக்கே தெரியாது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். அதற்கப்புறம் வண்டியின் சொந்த வயரில் அவர் கட்டிங் பிளையரை வைத்து நான் பார்க்கவில்லை.

கேட்டதற்கெல்லாம் இப்படிப் பதில் கிடைக்கும். கேட்காததற்குக் கிடைக்காது. அது அவள் குணம்.

மாதம் பிறந்தால் தவறாமல் அவர் ஒரு கேள்வி கேட்பார். "மாஸ்டர், தனியா ஒரு வண்டி?"

"இன்னும் இல்ல அண்ணாச்சி."

பதினோரு மாதம் இதே கேள்வி, இதே பதில். ஒருநாள் என் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கோயில்ல, கல்யாண வீட்டுல, எவனைப் பாத்தாலும் இப்ப என்ன செய்யுதீருன்னு கேக்கான் வே. படிச்சுக்கிட்டு இருக்கேன்னு சொல்ல நாக்கு கூசுது. ஐம்பத்திமூணு வயசுல என்னத்தைப் படிக்க? ஒரே ஒரு வண்டி. இது நான் செஞ்சதுன்னு காட்டணும். அவ்வளவுதான் வே எனக்கு."

சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. பிறகு நடந்ததில் என் பங்கு இந்தப் பாவத்தில்தான் ஆரம்பித்தது.

ஒரு சனிக்கிழமை ஜெனோவா சித்தி மகள் கல்யாணத்துக்கு மணப்பாடு போயிருந்தாள். அன்றைக்குப் பார்த்து மைதீன்பிச்சை வந்தான். சொந்தமாக ஒரு கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவன். ஸ்பீக்கர், ஆம்ப்ளிபயர் எல்லாம் கையோடு வாங்கி வந்திருந்தான்.

"திங்கக்கிழமை திருச்செந்தூர் சவாரி அண்ணாச்சி. ஒரு வீட்டுல பிள்ளைக்கு மொட்டை. வண்டியில பாட்டு நல்லா இருக்குமான்னு ரெண்டு தடவை கேட்டுட்டாங்க."

"மாஸ்டர் இல்லையே தம்பி."

"மாஸ்டர் இல்லைன்னா என்ன, நீங்க இருக்கீங்கள்ல?"

அந்த வார்த்தையில் மனுஷன் விழுந்துவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஊசியில் நூல் கோர்க்கிறவன் மாதிரி குனிந்துகொண்டேன்.

வேலை என்றால் வேலை, அப்படி ஒரு வேலை. பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் மற்றதைத் தொட்டார். வண்டியின் வயர் ஒன்றைக்கூட வெட்டவில்லை, கப்ளர்தான். பேட்டரியிலிருந்து வருகிற தடித்த சிவப்பு வயரை ரப்பர் வளையம் போட்ட துளை வழியாக உள்ளே இழுத்து, இடதுபக்கமாக டிக்கி வரை கொண்டுபோனார். பாட்டுக்கான மெல்லிய வயரை வலதுபக்கமாக விட்டார். ரெண்டும் ஒட்டிப் போனால் எஞ்சின் முனகல் பாட்டில் ஏறிவிடுமாம். ஆம்ப்ளிபயர் சூடு ஆற இடம் விட்டு முடுக்கினார். கடைசியாக மெயின் பியூஸை டிக்கியில், ஆம்ப்ளிபயருக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

"மாஸ்டர் பேட்டரி பக்கத்துலல்லா போடுவா?" என்று கேட்டேன்.

"அது அவங்க வசதி வே. மில்லுல மிஷினுக்குப் பக்கத்துலதான் பியூஸ் பெட்டி. போச்சுன்னா கையை நீட்டுனா மாத்திரலாம். கரண்டு போற பாதை ஒண்ணுதானே, எந்தப் பக்கம் போட்டா என்ன?"

இருபத்துநாலு வருஷ அனுபவம் பேசுகிறது, சீட் கவர் தைக்கிறவன் என்ன சொல்ல முடியும்?

மைதீன்பிச்சை ஒரு நாதஸ்வரத்தைப் போட்டான். வாசிக்கிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அவன் பால்வண்ணத்தின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவர் கூலி என்று எதையும் வாங்கவில்லை. வண்டி தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார். அவ்வளவு சந்தோஷமாக அந்த முகத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

"மாஸ்டர்கிட்ட சொல்லிராதேயும் வே."

"நான் ஏன் சொல்லப்போறேன்?" என்றேன்.

திங்கள்கிழமை காலையில் ஒரு வெள்ளைக் கார் வேலைக்கு நின்றது. பால்வண்ணம் டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். ஜெனோவா எட்டிப் பார்த்தாள்.

"அது எதுக்கு அண்ணாச்சி அங்க?"

"மெயின் பியூஸ் மாஸ்டர். இங்க இருந்தா மாத்த வசதி. பாதை ஒண்ணுதானே, எந்தப் பக்கம் இருந்தா என்ன?"

வாயால் சொல்லுவாளா? போய் மூலையில் கிடந்த ஒரு பழைய பேட்டரியை வாசல் மணலுக்கு இழுத்து வந்தாள். ரெண்டு முழம் மெல்லிய வயரை எடுத்து, ஒரு நுனியில் ஒரு பல்பும் அதற்குப் பக்கத்தில் ஒரு பியூஸும் மாட்டினாள். வயரின் மறுநுனியை ஒரு கவ்வியால் பேட்டரியின் பிளஸில் மாட்டி, பல்பின் இன்னொரு காலை மைனஸுக்குக் கொண்டுபோனாள். பல்பு எரிந்தது.

"இதுதான் உங்க ஆம்ப்ளிபயர்" என்றாள்.

வயரின் நடுவில் பிளேடால் ஒரு விரற்கடை ரப்பரைச் சீவினாள். "இது சீட்டுக்கு அடியில உரசித் தேஞ்ச இடம்."

வண்டியின் இரும்பு உடம்பு முழுக்க மைனஸோடு சேர்ந்ததுதானே, பேட்டரியின் மைனஸிலிருந்து ஒரு இரும்புக் கம்பியை இழுத்தாள். "இது வண்டி பாடி."

கையுறையை மாட்டிக்கொண்டு, எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பிளையரால் கம்பியைப் பிடித்து அந்தச் சீவின இடத்தில் வைத்தாள்.

பல்பு அணைந்தது. பேட்டரிக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் இருந்த வயர் அடுப்புக் கரி மாதிரி சிவந்தது. ரப்பர் உருகிச் சொட்டியது, புகை கிளம்பியது, சின்னதாகத் தீயும் பிடித்தது. அவள் கவ்வியைத் தட்டிவிட்டு மணலை அள்ளிப் போட்டாள். பிறகு பல்புக்குப் பக்கத்தில் இருந்த பியூஸைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அது புத்தம் புதுசாக இருந்தது. அதற்கு ஒன்றுமே ஆகவில்லை.

மறுபடியும் ஒரு வயர். அதே பல்பு, அதே பியூஸ். இந்தத் தடவை பியூஸை பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாள். அதே மாதிரி சீவி, அதே மாதிரி கம்பியை வைத்தாள். டிக் என்று ஒரு சத்தம். பியூஸ் போயிற்று. வயர் அப்படியே கிடந்தது.

"தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டார். குளிர்ந்துதான் இருந்தது.

"அப்ப பியூஸ் ஆம்ப்ளிபயருக்கு இல்லையா மாஸ்டர்?"

"அதுக்கு அது உள்ளேயே ஒண்ணு இருக்கு. இது வயருக்கு" என்று சொல்லிவிட்டு, ஜெனோவா எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனாள்.

பால்வண்ணம் நேராக என்னிடம் வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"மைதீன்பிச்சை வண்டி."

"ஆமா வே" என்றேன். மிஷினை நிறுத்தினேன்.

"ஒம்பது மணிக்குக் கெளம்புறேன்னான். இப்ப மணி ஒம்பதரை."

அடுத்து நான் சொன்னதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொன்னேன். "பதறாதேயும் வே. வயரை நல்லாத்தானே கொண்டு போயிருக்கீரு? எங்கயும் உரசாது. சாயங்காலம் திரும்பி வருவான். ஸ்பீக்கரை ஒருதடவை பாக்கணும்னு கூப்பிட்டு, சத்தங்காட்டாம பியூஸை மாத்தி வச்சிரும். மாஸ்டருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. இப்பப் போய்ச் சொன்னீருன்னா பதினோரு மாசம் பாடுபட்டது போச்சு. அவ சொன்னது ஞாபகம் இருக்குல்லா?"

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் யோசனை அவருக்குப் பிடித்திருந்தது என்பதும் எனக்குத் தெரிந்தது.

"வண்டியில பிள்ளை இருக்கு வே" என்றார். போனை எடுத்து அவனைக் கூப்பிட்டார்.

மைதீன்பிச்சை போனை ஸ்பீக்கரில் போட்டிருப்பான் போல. நாதஸ்வரம் எனக்கே கேட்டது.

"தம்பி, பால்வண்ணம் பேசுதேன். வண்டியை ஓரங்கட்டு. எஞ்சினை நிறுத்து. எல்லாரையும் எறங்கச் சொல்லு."

"என்னாச்சு அண்ணாச்சி? பாட்டு சும்மா கணீர்னு இருக்கு. ஆத்தூர்கிட்ட வந்துட்டோம்."

"நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேன்."

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். பியூஸை வைக்கக் கூடாத எடத்துல வச்சுட்டேன்."

"வண்டி எரிஞ்சிருமா அண்ணாச்சி?"

"ஒண்ணும் ஆகாமலே போகலாம். ஆனா எங்கயாவது வயர் உரசுச்சுன்னா அதைத் தடுக்க ஒண்ணுமில்ல. பானட்டைத் தொற. மொதல்ல மைனஸைக் கழட்டு. பெறகு பிளஸ்ல இருந்து நான் போட்ட செகப்பு வயரைக் கழட்டி, நுனியில டேப்பைச் சுத்து. பாட்டு மட்டும்தான் நிக்கும், வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. நான் வந்து வயரைப் பாக்குற வரைக்கும் அங்கயே நில்லு."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் யார் யாரோ பேசுவது கேட்டது. பிறகு மைதீன்பிச்சை குரலைத் தணித்துக்கொண்டு, "அண்ணாச்சி, இவங்க எல்லாம் கேட்டுக்கிட்டு இருக்காங்க. கடைப் பேரு கெட்டுப் போயிருமே" என்றான்.

"கேக்கட்டும். கடை மேல தப்பில்ல. மாஸ்டருக்குத் தெரியாம நான் செஞ்சேன். நான் செஞ்ச வண்டி அது."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். பின்னால் ஜெனோவா டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று எனக்கும் தெரியாது.

"மாஸ்டர், சனிக்கிழமை..."

அவள் கிளாஸை என் மிஷின் மேல் வைத்தாள். ஒரு பியூஸ் பெட்டியையும் ஸ்பானர் பையையும் எடுத்துக்கொண்டு தன் வேன் பக்கம் நடந்தாள். "ஏறுங்க அண்ணாச்சி." பிறகு என்னைப் பார்த்தாள். "சேர்மண்ணே, நீங்களும்தான். சனிக்கிழமை உங்களுக்குக் கண்ணு தெரியாமப் போச்சோ?"

நானும் போய் ஏறினேன்.

ஆத்தூர் போய்ச் சேர்ந்தோம். அங்கே சாலையோரம் மர நிழலில் அந்தக் குடும்பம் நின்றது. ஒரு வயசுப் பிள்ளை அம்மா இடுப்பில் இருந்துகொண்டு போகிற லாரிக்கெல்லாம் கை காட்டியது. அதன் அப்பா எங்களைக் கண்டதும் பாய்ந்து வந்தார்.

"யாரு இந்த வேலையைப் பாத்தது? பச்சப்பிள்ளையை வச்சுக்கிட்டு வாரோம், வெளையாடுதீங்களா?"

ஜெனோவா ஒதுங்கி வழி விட்டாள். பால்வண்ணம் முன்னால் போய்க் கை கூப்பினார். "நான்தான்யா. அரை மணி நேரம் குடுங்க."

மைதீன்பிச்சை அவர் முகத்தையே பார்க்கவில்லை. சாவியை மட்டும் நீட்டினான்.

ஜெனோவா கையைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றுவிட்டாள். எட்டிப் பார்க்கவும் இல்லை, இப்படிச் செய்யுங்க அப்படிச் செய்யுங்க என்று சொல்லவும் இல்லை. அவர் டிக்கியிலிருந்த பியூஸைக் கழற்றினார். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் புது பியூஸ் பெட்டியை அசையாமல் முடுக்கினார். அதோடு விடவில்லை. கதவு ஓரப் பட்டையைக் கழற்றி, அந்தச் சிவப்பு வயரை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை விரலுக்கு நடுவில் விட்டுத் தடவிப் பார்த்தார். எங்கேயும் ஒரு கீறல்கூட இல்லை.

"என்ன ஆச்சு? எங்க போச்சு?" என்று பிள்ளையின் அப்பா கேட்டார்.

"எங்கயும் ஒண்ணும் ஆகலை. நல்லா இருக்கு."

"ஒண்ணுமில்லாததுக்கா எங்களை நடுரோட்டுல நிக்க வச்சீரு?"

"ஆமாய்யா" என்றார் பால்வண்ணம். "ஒண்ணுமில்லாம இருக்கும்போதே நிக்க வச்சுட்டேன்."

அந்த ஆள் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு போய் ஏறிக்கொண்டார். மைதீன்பிச்சை வண்டியை எடுத்தான், நாதஸ்வரம் பழையபடி கணீரென்று எழுந்தது. கொஞ்ச தூரம் போய் அவன் ஒரு ஹாரன் அடித்தான். கோபத்தில் அடித்தானா, போயிட்டு வாரேன் என்று அடித்தானா, யார் கண்டது?

திரும்பி வரும்போது பால்வண்ணம் வேனின் பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முக்காணி பாலம் வந்தது. அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை.

"மாஸ்டர், என்னை இங்கயே எறக்கி விட்டாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"இங்க பஸ் நிக்காது அண்ணாச்சி."

வேன் போய்க்கொண்டிருந்தது. ஒரு லாரிக்கு வழிவிட்டாள்.

"நாளைக்கு ரெண்டு வண்டி வருது. சின்னது எனக்கு, பெருசு உங்களுக்கு. பேட்டரியில இருந்து டிக்கி வரைக்கும் எல்லாம் நீங்கதான். நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

"கிண்டல் பண்ணாதீங்க மாஸ்டர். பியூஸ் எந்தப் பக்கம் போடணும்னே தெரியாதவன் நான்."

"இப்பத் தெரியும்ல?"

"உங்களுக்குத் தெரியாம ஒரு வண்டியை வெளிய விட்டவன்."

"அதுக்கு ஒரு வாரம் உங்ககூடப் பேசமாட்டேன். அது நாளைல இருந்து." என்னைக் கண்ணாடியில் பார்த்தாள். "சேர்மண்ணன்கூட ரெண்டு வாரம்."

சரிதான் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு இன்னும் கூடுதலாகவே கிடைத்திருக்க வேண்டும்.

பால்வண்ணம் முன்சீட்டுப் பக்கம் குனிந்தார். "பின்ன எதுக்கு மாஸ்டர் எனக்கு வண்டி?"

"வேலை உங்க கைக்கு ஆறாம் மாசமே வந்துருச்சு அண்ணாச்சி" என்றாள் ஜெனோவா. "இப்படி ஒரு போன் நீங்க போடுவீங்களா மாட்டீங்களான்னுதான் எனக்குத் தெரியாம இருந்துச்சு."